மாட்டுவதைவிட வரைவது சீக்கிரம்

ஜூலை 4, வியாழன்

இன்றும் ஒருவனை விழ வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த ஐந்து வாரத்தில் இவன் பதினோராவது ஆள். ஈரத் தரையில் மூன்று பேர், படிக்கட்டில் நான்கு, ஏணியிலிருந்து இரண்டு, சிந்திய எண்ணெயில் ஒருவன், வாழைப்பழத் தோலில் ஒருவன். வாழைப்பழக்காரனை மட்டும் முதலாளி ஏற்கவில்லை. "இது எச்சரிக்கைப் பலகைம்மா, சர்க்கஸ் இல்ல."

முதலாளிக்கு நான் வைத்திருக்கும் பெயர் அம்புக்குறி. எந்தப் படத்தைக் காட்டினாலும் சிவப்புப் பேனாவால் ஒரு அம்பு போட்டு, அதன் வாலில் ஏதாவது எழுதுவார். இன்றைய ஆளுக்கு நான் டை கட்டி, கையில் தோல் பெட்டி கொடுத்திருந்தேன். அம்பு சொன்னது: டை வேண்டாம்.

"ஏன் சார், டை கட்டினவங்க வழுக்க மாட்டாங்களா?"

"வழுக்குவாங்க. ஆனா படத்தை வாங்கறது அவங்கதான்."

டையை அழித்துவிட்டுத் தலைக்கவசம் மாட்டினேன். எங்கள் படங்களில் முதலாளி ஒருநாளும் வழுக்கி விழுந்ததில்லை. விழுகிறவன் எப்போதும் தொழிலாளி. கீழே "கவனமாக இருங்கள்" என்று புத்திமதியும் அவனுக்கே. தரையை ஈரமாக விட்டது யார் என்று எந்தப் பலகையிலும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஐந்து வருடம் ஓவியக் கல்லூரியில் படித்தது இதற்குத்தான். கடைசி வருடக் கண்காட்சியில், பேருந்து நிலையத்தில் படுத்துத் தூங்குகிறவர்களை ஆறடி நீளத்தில் கரியால் வரைந்து மாட்டினேன். "நேர்மையான கோடு" என்றார்கள் ஆசிரியர்கள். அந்த நேர்மையான கோட்டைத் தூக்கிக்கொண்டு நாலு மாதம் அலைந்தேன். குழந்தைப் புத்தகம் போடுகிற இடத்தில் ஒரு அம்மாள், "உங்க படத்துல குழந்தைங்க எல்லாம் ஏன் முறைக்குது?" என்று கேட்டார். குழந்தைகள் முறைக்கத்தான் செய்யும். பார்த்ததே இல்லையா?

ஜூலை 7, ஞாயிறு

பெரிய மாமா வந்தார். அவருக்குப் பார்சல் அலுவலகம் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதாம். நான் படித்து முடித்த நாளிலிருந்து அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது. வேறு யாரும் அதில் உட்கார மாட்டேன் என்கிறார்கள் போல.

"முத்திரை குத்தற வேலைதான். அதுவும் ஒரு கலைதான்மா. நேரா குத்தணும்."

அப்பா பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். எதைப் பற்றிப் பேசினாலும் பாதி வழியில் வண்டியில் ஏறி நிற்கிற தோரணைதான். "இந்த வேலை எதுவரைக்கும் போகும்?" என்றார்.

"மூணு மாசம் சோதனைக் காலம். அப்புறம் நிரந்தரம்."

"ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. அதுக்கு மேல ஒரு ஸ்டாப் கிடையாது. இறங்கி மாமா ஆபீஸ்ல ஏறிக்கணும்."

மாமா முன்னால் என்ன சண்டை என்று காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என்னடா இது, என் வாழ்க்கைக்கு இவர் டிக்கெட் கிழிக்கிறார்.

ஜூலை 8

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு எழுபது எண்பது கைகளைப் பார்க்கிறவள். நான் வரைந்த கைகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இந்தக் கையில எல்லாம் எனக்கு ஊசி போட முடியாது" என்றாள். "நரம்பு எங்கடி?"

கல்லூரியில் இப்படி ஒரு விமர்சனம் கிடைத்ததில்லை.

ஜூலை 11, வியாழன்

அலுவலகச் சட்டம் ஒன்றை இன்று தெரிந்துகொண்டேன். கணினியில் வரையும்போது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுபோல் லேயர் லேயராக வரைகிறோம். உடம்பு ஒரு லேயர், இயந்திரம் ஒரு லேயர். இங்கே எண் போட்ட லேயர் மட்டும்தான் அச்சுக்குப் போகும். பெயர் போட்ட லேயர் எல்லாம் நமக்குள் பேசிக்கொள்வதற்கு — "மூக்கைக் குறை", "நிறம் மாற்று" என்று. கீழ்த்தளத்தில் அச்சடிக்கிற அச்சு அண்ணன் கோப்பைத் திறந்ததும் பெயர் போட்டதையெல்லாம் அணைத்துவிடுவார். கேள்வியே கிடையாது.

ஏன் இந்தச் சட்டம் என்று அவரிடம் கேட்டேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனைக்குக் கை கழுவும் போஸ்டர். முதலாளி ஒரு லேயரில் அம்பு போட்டு, "இவர் டாக்டர் மாதிரி இல்லை, கோழித் திருடன் மாதிரி இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். அது அப்படியே இருநூறு பிரதி அச்சாகி, ஆறு மாடியிலும் தொங்கியிருக்கிறது.

"யாரும் கண்டுபிடிக்கலயா?"

"நோயாளிங்க படிச்சாங்க. டாக்டருங்க எங்க போஸ்டர் படிக்கிறாங்க பாப்பா?"

ஜூலை 16, செவ்வாய்

முதல் பெரிய வேலை. அட்டைப்பெட்டி தொழிற்சாலை ஒன்றுக்குப் போஸ்டர்: "கையை உள்ளே விடாதீர்கள்." நேரில் பார்த்து வரைகிறேன் என்று அம்புக்குறியிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கிப் போனேன்.

மூன்றாம் நம்பர் மெஷின். அட்டைத் தாளை உள்ளே தள்ள வேண்டும்; மேலேயிருந்து வெட்டுக்கத்தி இறங்கும்; வெட்டின தாளை இழுக்க வேண்டும். ஓட்டுகிறவர் ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். கையும் வாயும் ஒரே வேகம்.

ஒரு மணி நேரம் நின்று வரைந்தேன். வரைந்து முடிக்கும்போதுதான் உறைத்தது — கத்திக்கு முன்னால் இருக்க வேண்டிய இரும்பு வலை மூடி இல்லை. மூடிக்கான துளைகள் இருக்கின்றன, மூடி எங்கே? அக்கா தாடையால் மூலையைக் காட்டினார். இரண்டு பெயிண்ட் வாளிகள். அவற்றின் மேல் படுக்கப் போட்ட வலை மூடி. அதன் மேல் ஏழு சாப்பாட்டுப் பெட்டிகள் வரிசையாக.

"நல்ல மேஜை தங்கச்சி. எறும்பு ஏறாது."

"இதை ஏன் கழட்டினாங்க?"

"மூடி போட்டா நாளுக்கு எண்ணூறு தாள். மூடி இல்லன்னா ஆயிரத்து எரநூறு. அவங்க கேக்கறது ஆயிரத்து எரநூறு. நீயே கணக்குப் பாத்துக்க."

அவருடைய நடுவிரலில் நகம் இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இது மெஷின்ல போனதா அக்கா?" என்று குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். பக்கத்து மெஷின்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"இதா? எங்க வீட்டுக் கதவு. மெஷின் இன்னும் என்னைத் தொடல. தொட்டா நகத்தோட நிறுத்தாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டு அடுத்த தாளை இழுத்தார்.

மூடியையும் ஏழு பெட்டிகளையும் அப்படியே வரைந்துகொண்டேன். அக்காவுடையது நெளிந்த நீலப் பெட்டி.

ஜூலை 18

ஆபத்தில் மாட்டுகிறவன் மீசை வைத்த ஆணாகத்தான் இருக்க வேண்டும், அது அலுவலக வழக்கம் என்று அம்பு வந்துவிட்டது. மெஷினை ஓட்டுவது ஒரு பெண் சார் என்றேன். "மீசைதான் தூரத்துலேர்ந்து தெரியும்" என்றார்.

வீட்டில் மீசை ஒன்றுதான் இருக்கிறது.

ஜூலை 20, சனி

அப்பாவைக் குளிர்பதனப் பெட்டியின் முன் நிற்க வைத்து, கதவைத் திறந்து, கையை உள்ளே விடச் சொன்னேன்.

"பயப்படற மாதிரி இருக்கட்டும்பா."

"எதுக்குப் பயப்படணும்? தயிர்தானே இருக்கு."

"கத்தி மேல இருந்து வருதுன்னு நெனச்சுக்கோங்க."

பதினைந்து வருடப் பழக்கம் முகத்தில் உறைந்துபோயிருக்கிறது. பயமே வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. மெஷினிடம் டிக்கெட் கேட்கிறவர் மாதிரி நிற்கிறார். நாற்பது நிமிடம் கதவு திறந்தே இருந்ததில் பனிக்கட்டி உருகித் தரை முழுக்கத் தண்ணீர். அம்மா வேலை முடிந்து வந்தவள் அதில் வழுக்கி, மேஜையைப் பிடித்துத் தப்பித்தாள். பன்னிரண்டாவது ஆளாக ஆகியிருப்பாள். அப்பா திரும்பிப் பார்த்து, "கவனமா இரு" என்றார்.

எங்கள் பலகைகளை எழுதுகிறவர் யார் என்று இப்போது புரிகிறது.

ஜூலை 23, செவ்வாய்

தொழிற்சாலை மேலாளர் படத்தைப் பார்க்க வந்தார். கணினியின் முன் குனிந்தார். முகம் இறுகியது.

"மூடி எங்கம்மா?"

"மூலையில இருக்கு சார். சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில."

"அதைச் சொல்லல. மெஷின்ல மூடியை மாட்டி வரைஞ்சிடுங்க."

"நீங்க மெஷின்ல மாட்டுங்க சார். நான் வந்து வரைஞ்சுக்கறேன்."

அம்புக்குறி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மேலாளர் கோபப்படக்கூட இல்லை. பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "மாட்டறதைவிட வரையறது சீக்கிரம் இல்லையாம்மா?"

எவ்வளவு நிதானமா சொல்றான் பாரு. வரைஞ்சா போச்சாம்! தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு ஆய்வாளர் ஆகஸ்ட் ஆறாம் தேதி வருகிறாராம். அதற்குள் சுவர் முழுக்கப் பாதுகாப்பு தொங்க வேண்டுமாம்.

ஜூலை 24

நேற்று மேலாளர் போன பிறகு அம்புக்குறி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்கும் தெரியும்மா. ஆனா நாம போலீஸ் இல்ல, போஸ்டர். உனக்கு இங்க இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். மாமாவின் நாற்காலி தெரிந்தது. முத்திரை, மைத்திண்டு, நேராகக் குத்து.

வரைந்தேன். புதிதாக ஒரு லேயர் திறந்து, மெஷினின் முன்னால் இரும்பு வலை மூடி, நாலு போல்ட். அதே லேயரில், மூலையில் இருக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளை மறைக்க ஒரு அட்டைக் கட்டு. கோபத்தில் அந்த லேயருக்குப் "பொய்" என்று பெயர் வைத்தேன். மற்றது எல்லாம் ஒன்றிலிருந்து எட்டுவரை எண். இதற்கும் அப்புறம் ஒன்பது என்று மாற்றிவிடலாம்.

ஜூலை 25, வியாழன்

மேலாளர் திரையில் பார்த்தார். "இப்ப பாருங்க, எவ்வளவு பாதுகாப்பா இருக்கு!" என்றார். கோப்பு கீழே போய்விட்டது. நாற்பது போஸ்டர்.

ஜூலை 30

தலைவலி. ஒரு பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அமிலம் சிந்துகிற ஆள். அவனுக்கும் அப்பாவின் மீசைதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மத்தியானம் மூன்று மணிக்குத் தொலைபேசி. அம்புக்குறி எழுந்து நின்று பேசினார். அப்புறம் உட்கார்ந்து பேசினார். கடைசியில் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு, "உன் கோப்பைத் திற" என்றார்.

திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு. பொய்.

எண் போடவில்லை.

போஸ்டரில் மூடி இல்லை. மூலையில் ஏழு சாப்பாட்டுப் பெட்டிகளும் பளிச்சென்று இருக்கின்றன. நாற்பது பிரதி. அச்சு அண்ணனைக் கூப்பிட்டார். அவர் வந்து, "பேர் போட்டிருந்துச்சு, அணைச்சேன். சட்டம் நீங்க போட்டது சார்" என்றார். தன் வேலையைச் சரியாகச் செய்தவரின் நிம்மதி முகம் முழுக்க.

"சுருட்டி அனுப்பினதை யாரும் பிரிச்சுப் பாக்கலயா?" என்றேன். மேலாளர் நேற்றுவரை விடுமுறையில் இருந்தாராம். காவலாளிகள் ஒட்டியிருக்கிறார்கள்.

அம்புக்குறி என் பக்கம் திரும்பினார். "வேணும்னே பண்ணியா?"

"தெரியல சார்."

உண்மையாகவே தெரியவில்லை. மேலாளர் சரி சொன்ன அன்று சாயங்காலம் கோப்பைச் சேமித்துக் கீழே அனுப்பினேன், கணினியை அணைத்தேன், குடையை எடுத்தேன். எண் போட வேண்டும் என்று நினைவு வந்ததா? வந்தது. எப்போது வந்தது? வாசலில். திரும்பிப் போயிருக்கலாமா? மழை பெய்துகொண்டிருந்தது. குடைதான் இருந்ததே. அப்புறம் ஏன்? —

விடு. மறதி.

"தெரியலன்னா மறதின்னு எழுதறேன்" என்றார் அவரும். "ஆனா வேலை விஷயமா நாளைக்குப் பேசணும்."

ஆகஸ்ட் 7

வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. காலையிலேயே தொழிற்சாலையிலிருந்து அழைப்பு: போஸ்டரை உடனே திருத்த வேண்டும், ஆய்வாளர் எழுத்தில் கேட்டிருக்கிறார், வரைந்த ஆள் நேரில் வர வேண்டும். "உன்னை அனுப்பிடணும்னுதான் வந்தேன்" என்று அம்புக்குறி நேர்மையாகச் சொன்னார். "ஆனா அந்த மெஷினைப் பாத்தவ நீ ஒருத்திதான். இந்த வேலை முடியறவரைக்கும் தூக்க முடியாது. முடிஞ்சதும் ஞாபகப்படுத்து."

போனேன். மேலாளர் எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. அக்கா தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் முழுக் கதையையும் சொன்னார்.

நேற்று விடிந்ததுமே மூடியைத் துடைத்து மெஷினில் மாட்டிவிட்டார்களாம். ஆய்வாளர் வருகிற நாளில் எப்போதும் அப்படித்தானாம், போனதும் கழற்றிவிடுவார்களாம். ஆய்வாளர் மெஷினைப் பார்த்தார், சரி. கிளம்பப் போனார். போஸ்டரைப் பார்த்தார், நின்றார்.

"படத்துல மூடி இல்லையே?"

"அது ஓவியரோட கற்பனை சார்" என்றாராம் மேலாளர்.

ஆய்வாளர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கிட்டே போனாராம். மூலையைப் பார்த்தார். வாளி, மூடி, வரிசையாகப் பெட்டி. திரும்பினார். நிஜ மூலையில் இரண்டு பெயிண்ட் வாளிகள் அப்படியே இருக்கின்றன. தரையில் ஏழு பெட்டிகள் அநாதையாக. படத்தில் இருந்த நெளிந்த நீலப் பெட்டியை விரலால் தொட்டு, "இது யாரோடது?" என்று கேட்டாராம்.

"நான் என்ன பண்றது தங்கச்சி? என்னுதுன்னு சொல்லிட்டேன். பொய் சொன்னா சாப்பாடு போயிடுமே!"

கற்பனையில் இருந்த பெட்டிக்குள்ளே எலுமிச்சை சாதம் இருந்திருக்கிறது. ஆய்வாளர் திறந்தே பார்த்துவிட்டாராம்.

"அந்த மீசைக்காரர் யாரு? மெஷினை முறைச்சுப் பாத்துட்டு நிக்கிறாரே, புது மேலாளரோன்னு நெனச்சோம்."

"எங்க அப்பா."

"அப்ப அவரையே போடச் சொல்லு. இவரைவிடத் தேவலாம்."

மூடிக்கு இப்போது போல்ட் போட்டுச் சிவப்பு முத்திரை வைத்திருக்கிறார்கள். கழற்றினால் உடையும். எண்ணினேன்: ஆறு போல்ட். என் பொய்யில் நாலுதான் இருந்தது. பொய்யைக்கூட ஒழுங்காக வரையவில்லை.

கேட்கிற தாள் எண்ணிக்கையும் எண்ணூறாக இறங்கியிருக்கிறதாம். "எவ்வளவு நாளைக்கு அக்கா?" என்றேன். "அடுத்த பெரிய ஆர்டர் வரைக்கும்" என்றார். கண்ணில் சிரிப்பு இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

ஆய்வாளரின் கடிதத்தின் நகலை அம்புக்குறி என்னிடம் கொடுத்தார். நாலாவது பத்தி: போஸ்டரைத் திருத்த வேண்டும், திருத்திய போஸ்டரில் உள்ளபடியே மூன்றாம் இயந்திரப் பகுதி இருக்க வேண்டும், அடுத்த ஆய்வில் இரண்டும் ஒப்பிடப்படும். அம்புக்குறி அந்த வரிக்கு ஒரு சிவப்பு அம்பு போட்டு எழுதியிருந்தார்: இருக்கிறதை மட்டும் வரை.

இதைத்தானே ஐயா ஜூலை பதினாறாம் தேதி செய்தேன்!

ஆகஸ்ட் 17

வீட்டில் சொல்லிவிட்டேன். நடந்தது முழுக்க. அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போஸ்டர் எத்தனை ஊருக்குப் போகுது?"

"ஒரே ஒரு தொழிற்சாலைக்குப்பா."

"ஓ" என்றார். ஏமாற்றம்போல் தெரிந்தது.

ஆகஸ்ட் 31, சனி

காலையில் மாமா தொலைபேசியில். நான் பல் துலக்கிக்கொண்டே கேட்டேன். அப்பா சொன்னார்: "இல்ல மச்சான், இப்ப முடியாது. திங்கக்கிழமை எனக்கு ஒரு வேலை இருக்கு. நிக்கணும்... எங்கயா? வீட்டுலதான், ஃப்ரிட்ஜ் முன்னாடி."

அலுவலகம் விட்டுக் கிளம்பும்போது அம்புக்குறி, "திங்கக்கிழமை சீக்கிரம் வா, நாலு ஏணி இருக்கு" என்றார். ஞாபகப்படுத்தச் சொன்னாரே, ஞாபகப்படுத்தலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன்.

வந்துவிட்டேன். இதுவும் மறதிதான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

திருத்திய படத்துக்காகக் கடைசியாக ஒருமுறை மெஷினைப் பார்க்கப் போனேன். ஆறு போல்ட், சிவப்பு முத்திரை, எல்லாம் சரி. அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"மூடியை மாட்டிட்டாங்க, சரி. பெட்டி எல்லாம் தரையில. நேத்து என் சாதத்துல எறும்பு." குரலைத் தாழ்த்தினார். "படத்துல இருக்கற மாதிரியே இங்க இருக்கணும்னு அந்த ஆளு எழுதிக் குடுத்திருக்காராமே?"

"ஆமா."

"அப்ப ஒரு மேஜையும் வரைஞ்சிடேன்."

அலுவலகம் வந்து வரைந்தேன். மூலையில் நாலு கால் வைத்த மரமேஜை, அதன்மேல் ஏழு பெட்டிகள். அம்புக்குறி வந்து பின்னால் நின்றார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு? இருக்கறதை மட்டும்தானே வரையச் சொன்னேன்."

"மாட்டறதைவிட வரையறது சீக்கிரம் சார்."

பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு திரையை ஒட்டியிருந்த தாளில் ஒரு அம்பு போட்டுவிட்டு அவர் இடத்துக்குப் போனார். எட்டிப் பார்த்தேன்: பின்கால் ரெண்டும் குட்டை, மேஜை ஆடும்.

காலைச் சரிசெய்தேன். லேயருக்கு எண் போட்டேன்: 9. கோப்பை அனுப்பிய பிறகும் மனசு கேட்காமல் கீழே இறங்கிப் போய், அச்சு அண்ணன் முதல் தாளை எடுக்கும்வரை நின்றேன். மேஜை இருக்கிறது.